டிப்ஸ் யாருக்குப் போகிறது? ஓட்டல் சம்பளம் பற்றிய கேள்வி பதில்

பதில் சொல்பவர் சென்னையில் சர்வராக இருந்தவர். இப்போது ஓட்டல்களுக்குச் சம்பளக் கணக்கு பார்க்கிறார்.

மீனா: பில்லிலேயே 10% சர்வீஸ் சார்ஜ் போட்டுவிட்டார்கள். கொடுத்தே ஆகணுமா சார்?

வேண்டாம். பில்லில் தானாக அதைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஓட்டல் சங்கங்கள் வழக்குப் போட்டன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்றது. எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். ஜிஎஸ்டி வரி, அது வேறு. ஒன்று மட்டும்: கேட்பதைக் கல்லாவில் கேளுங்கள். சர்வரிடம் சத்தம் போடாதீர்கள், பில் போட்டது அவர் இல்லை.

செந்தில்: இப்போது எல்லாமே ஜிபே. டிப்ஸ் எப்படிக் கொடுப்பது?

சர்வர்களுக்கு விழுந்த பெரிய அடி இதுதான். முன்பெல்லாம் மீதிச் சில்லறை சோம்புத் தட்டில் வரும். அதில் பத்தோ இருபதோ விட்டுவிட்டு எழுந்து போவோம். இப்போது 287 ரூபாய் பில்லுக்குச் சரியாக 287 போகிறது, மீதி என்ற பேச்சே இல்லை. 300 அனுப்பினாலும் அந்த 13 ரூபாய் கடைக் கணக்கில்தான் ஏறும். அதனால் சட்டைப் பையில் இரண்டு மூன்று நோட்டு வைத்திருங்கள், கையில் கொடுங்கள்.

பாத்திரம் கழுவும் அக்காவுக்கும் பரோட்டா மாஸ்டருக்கும் அதுவும் கிடைப்பதில்லை. சில கடைகளில் எல்லா டிப்ஸையும் உண்டியலில் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். நல்ல வழக்கம்தான், சாவி தொழிலாளர் கையில் இருக்கிறவரை.

லதா: டெக்சாஸில் மகன் 20% டிப்ஸ் வைக்கிறான். அவ்வளவு எதற்கு?

வைக்கட்டும் அம்மா. அங்கே டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும். 1991-லிருந்து அந்தத் தொகை மாறவே இல்லை. டிப்ஸோடு சேர்த்தும் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் வராவிட்டால்தான் மிச்சத்தை முதலாளி போடணும். சம்பளத்தையே வாடிக்கையாளர் தலையில் கட்டிய ஏற்பாடு அது. கலிஃபோர்னியாவில் அப்படிக் குறைக்க முடியாது.

பெயர் வேண்டாம்: சர்வராக இருக்கிறேன் அண்ணே. "டிப்ஸ்தான் வருதே" என்று சம்பளத்தை ஏற்ற மாட்டேன் என்கிறார் முதலாளி.

தம்பி, நம் சட்டத்தில் அந்தக் கணக்குக்கு இடமே இல்லை. ஓட்டல் வேலைக்குத் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்திருக்கிறது. அதன் பஞ்சப்படி ஏப்ரல் தோறும் மாறும். டிப்ஸ் எவ்வளவு வந்தாலும் அந்தக் கூலி குறையாமல் வரணும். அப்புறம், காலை டிபனுக்கு வந்து, மதியம் ஆள் இல்லாத நேரம் மாடியில் படுத்துவிட்டு, ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்கிறீர்கள் இல்லையா? அந்த நேரத்தையெல்லாம் தினமும் ஒரு நோட்டில் குறியுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புச் சம்பளம் உண்டு. கடையில் 10 பேராவது இருந்து, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடித்தாகணும். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் தனியாகப் போகாமல் நாலு பேராகப் போங்கள்.

ராஜா: சின்ன ஓட்டல் நடத்துகிறேன். சம்பளம் ஏற்றினால் இட்லி விலையும் ஏறுமே?

ஏறும். ஏற்றுங்கள். எண்ணெய், கேஸ் விலை ஏறும்போது போர்டில் விலையை மாற்றத் தயங்குவதில்லையே. கூலிக்காகவும் மாற்றலாம்.