காந்தத்தின் புலம் எதுவரை எட்டும்? கேள்வி பதில்

கேள்வி: 10 மில்லிமீட்டர் விட்டமும் அதே உயரமும் கொண்ட உருளை வடிவ நியோடிமியம் காந்தம் ஒன்று என்னிடம் உள்ளது. அதன் புலம் எத்தனை சென்டிமீட்டரில் முடிவடையும்?

பதில்: எங்கும் முடிவடையாது. தொலைவு கூடக் கூட வலிமை குறையும், அவ்வளவுதான். தாங்கள் கூறும் அளவிலான காந்தம் நல்ல தரத்தில் இருந்தால், அதன் அச்சின் வழியே 10 சென்டிமீட்டர் தொலைவில் சுமார் 160 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு), 20 சென்டிமீட்டரில் 20, 40 சென்டிமீட்டரில் 2.5, ஒரு மீட்டரில் 0.16 என்று புலம் இருக்கும். பூமியின் புலம் இடத்திற்கேற்ப 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா வரை இருப்பதால், தங்கள் காந்தம் ஒரு சாண் தொலைவிலேயே பூமிக்குத் தோற்றுவிடுகிறது. தோற்றுவிட்டது என்பதற்காக இல்லாமல் போய்விடவில்லை. ஃபெம்டோடெஸ்லா அளவை, அதாவது மைக்ரோடெஸ்லாவில் நூறு கோடியில் ஒரு பங்கை, உணரும் ஸ்குவிட் என்னும் நுண்ணிய காந்தமானியையும், வேறு எந்தக் காந்த இரைச்சலும் இல்லாத வெட்டவெளியையும் ஒருவர் எனக்குத் தருவாரானால், அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் இக்காந்தத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆகவே, 'எதுவரை' என்று கேட்பவர் எந்தக் கருவியைக் கொண்டு என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கேள்வி: குண்டூசியை நகர்த்திக்கொண்டே வந்தேன். 3 சென்டிமீட்டர் வரை அசைவே இல்லை. பிறகு சட்டென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டது. புலத்தின் எல்லை அதுதானே?

பதில்: அது மேசையின் உராய்வுக்கும் இழுவிசைக்கும் இடையிலான எல்லை. குண்டூசி தானாகக் காந்தமன்று. காந்தத்தின் புலம் அதைத் தற்காலிகக் காந்தமாக்கிய பிறகே இழுக்கிறது. தூண்டப்படும் காந்தத்தன்மை தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவிலும், அதை இழுக்கும் புலச்சரிவு (தொலைவோடு புலம் மாறும் வீதம்) நான்மடிக்கு எதிர்த்தகவிலும் குறைவதால், சற்றுத் தள்ளிய சிறு இரும்புத் துண்டின் மீதான விசை ஏறத்தாழ ஏழாம் மடிக்கு எதிர்த்தகவில் சரிகிறது. தொலைவை இரட்டித்தால் விசை 128-ல் ஒரு பங்காகிவிடும். அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம் இதுவே. புலத்தை அறிய குண்டூசி மிக மோசமான கருவி; திசைகாட்டி ஊசி மிக நல்ல கருவி.

கேள்வி: கைப்பேசியில் உள்ள காந்த உணரியால் எவ்வளவு தொலைவு வரை அறிய முடியும்?

பதில்: மேற்சொன்ன காந்தத்தை சுமார் 60 சென்டிமீட்டர் வரை அறியலாம். அங்கு புலம் 0.75 மைக்ரோடெஸ்லா, அசையாமல் வைத்த கைப்பேசியின் அளவே பெரும்பாலும் அரை மைக்ரோடெஸ்லா ஏறி இறங்கும். மொத்த அளவைப் பார்க்காமல், உணரி காட்டும் மூன்று அச்சுகளில் காந்தத்தை நோக்கிய அச்சின் அளவை மட்டும் பாருங்கள். உணரி கைப்பேசியின் நடுவில் இருப்பதில்லை. பெரும்பாலும் ஒரு மூலையை ஒட்டியே இருக்கும். எல்லாவற்றுக்கும் முன்னதாக, காந்தத்தை அறையின் மறுகோடிக்கு எடுத்துச் சென்றுவிட்டு, அது இல்லாதபோது கருவி காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாதவர்களின் கணக்குகளைச் சரிபார்த்தே என் பாதி வாழ்நாள் கழிந்தது. இன்னும் துல்லியம் வேண்டுமெனில் காந்தத்தை அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி, இரண்டு அளவுகளின் வேறுபாட்டில் பாதியை எடுங்கள். பின்னணி தானாகவே கழிந்துவிடும்.

கேள்வி: மரப்பலகையோ அலுமினியத் தகடோ புலத்தைத் தடுக்குமா?

பதில்: தடுக்காது. தேனிரும்பும், மியூ-உலோகம் என்னும் நிக்கல்-இரும்புக் கலவையும் புலத்தைத் தம் வழியே திருப்பிவிடும்.

கேள்வி: காந்தத்தின் புலம் தொலைவின் மும்மடிக்கு எதிர்த்தகவில் குறையும் என்கிறீர்கள். காந்த விசை தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் இருக்கும் என்பதுதான் கூலூம் விதி. எது தவறு?

பதில்: இரண்டும் சரி. கூலூம் விதி ஒற்றைத் துருவத்தைப் பற்றியது. தங்கள் கையில் இருப்பதோ இரு துருவமும் கொண்ட காந்தம். துருவங்களுக்கிடையே 2 சென்டிமீட்டர் எனக் கொள்ளுங்கள். நடுப்புள்ளியிலிருந்து 20 சென்டிமீட்டரில் நிற்கும் ஊசிக்கு ஒரு துருவம் 19 சென்டிமீட்டரிலும் மற்றது 21 சென்டிமீட்டரிலும் உள்ளன. ஒன்று தள்ள மற்றது இழுப்பதால் எஞ்சுவது 1/361-க்கும் 1/441-க்கும் உள்ள வேறுபாடு, அதாவது 0.000503. ஊசியை 40 சென்டிமீட்டருக்குக் கொண்டு செல்லுங்கள்: 1/1521-லிருந்து 1/1681-ஐக் கழித்தால் 0.0000626. ஒவ்வொரு துருவத்தின் பங்கும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்க, வேறுபாடு எட்டில் ஒன்றாகிவிட்டது.

அதே கேள்வியாளர்: அப்படியானால் பிரெஞ்சு இயற்பியலாளர் கூலூம் 1785-ல் இருமடியை எப்படிக் கண்டார்?

பதில்: நல்ல கேள்வி. அவர் மிக நீண்ட ஊசிகளைக் காந்தமாக்கி, ஒரு முனை மட்டும் அருகிலும் மறுமுனை வெகு தொலைவிலும் இருக்குமாறு செய்தார். ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் மறுபக்கத்திலிருந்து வந்தார். 1830-களின் தொடக்கத்தில், காந்தத்தை சுமார் 1.3 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை நகர்த்தி, தொங்கும் ஊசியின் விலகலை அளந்து, மும்மடிச் சரிவைக் காட்டி, அதன் வழியாக இருமடி விதியையே உறுதிசெய்தார்.

அதே கேள்வியாளர்: கணக்கு சரி. நேரில் பார்க்காமல் ஏற்க மாட்டேன்.

பதில்: ஏற்கவும் வேண்டாம். திசைகாட்டிக்குக் கிழக்கிலோ மேற்கிலோ, அச்சு ஊசியை நோக்கியிருக்குமாறு காந்தத்தை வைத்து, 20 சென்டிமீட்டரிலும் 40 சென்டிமீட்டரிலும் விலகலைக் குறியுங்கள். விலகல் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் புலத்திற்கு நேர்த்தகவில் இருக்கும், கோணமன்று. இருமடி எனில் விகிதம் 4, மும்மடி எனில் 8.

கேள்வி: என் காந்தம் இதைப் போல் இரண்டு மடங்கு பெரியது. எவ்வளவு தூரம் எட்டும்?

கேள்வி: என்னுடையது ஃபெரைட் (வலிமை குறைந்த பீங்கான் வகைக் காந்தம்). அதன் எல்லை என்ன?

பதில்: முதல் பதிலைப் படிக்காமல் வந்த ஆறாவது, ஏழாவது கேள்விகள் இவை, இனி இத்தகையவற்றுக்கு விடையளிக்க இயலாது. எல்லாப் பக்கமும் இரட்டித்தால் அதே புலம் இரட்டைத் தொலைவில் கிடைக்கும். அதே அளவு ஃபெரைட் எனில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குத் தொலைவு.

கேள்வி: என் தந்தைக்கு இதயமுடுக்கி பொருத்தியுள்ளோம். காந்தத்தை எங்கே வைப்பது?

பதில்: காந்தத்தையும் கைப்பேசியையும் மார்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்குக் குறையாமல் விலக்கி வைப்பது பொதுவான அறிவுரை. காந்தம் பெரிது எனில் இன்னும் விலக்க வேண்டும்; உறுதியான விடையை இதய மருத்துவரிடமே பெறுங்கள். மற்றவர்களுக்கும் ஒரு சொல்: சிறு காந்தங்களைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கப்பட்ட இரண்டு காந்தங்கள் குடல்சுவரை இடையில் நெரித்துத் துளைத்துவிடும்.

கேள்வி: காந்தங்களை மட்டும் கொண்டு ஓயாமல் சுழலும் இயந்திரம்...

பதில்: இயலாது.

இருமடி கேள்வியாளர்: அளந்துவிட்டேன். 20 சென்டிமீட்டரில் 28.5 பாகை, 40-ல் 5 பாகை. டேன்ஜென்ட் விகிதம் 6.2. தங்கள் விதியும் இல்லை, என் விதியும் இல்லை.

பதில்: காந்தம் இல்லாதபோது ஊசி எங்கே நின்றது?

இருமடி கேள்வியாளர்: பூச்சியத்திலிருந்து 1.5 பாகை தள்ளி, விலகும் பக்கமாகவே. மேசைக்கடியில் இரும்புக் கால்கள் உள்ளன.

பதில்: கழித்தால் 27 பாகையும் 3.5 பாகையும். டேன்ஜென்ட் மதிப்புகள் 0.510, 0.061, விகிதம் 8.3. அரைப் பாகையைவிட நுணுக்கமாகப் படிக்க முடியாத வட்டில் இதைவிட நெருக்கமாக வராது. மேசையை மாற்றி, காந்தத்தை முனை திருப்பியும் ஒருமுறை அளந்து அனுப்புங்கள்.