பி.டி.ஓ சிப்பரில் தனி எஞ்சின்: கிளை உள்ளே போகவில்லை, தூள் வெளியே வரவில்லை

டிராக்டரின் பி.டி.ஓ-வில் (பின்பக்கம் சுழலும் விசைத் தண்டு) ஓடும் சிப்பருக்கு, அதாவது கிளைகளைத் தூளாக்கும் இயந்திரத்துக்கு, பெல்ட் வழியாகத் தனி எஞ்சின் மாட்டியதும் கிளை உள்ளே போகவில்லை என்று கேட்டிருந்தீர்கள். காரணம், கத்திகள் பொருத்திய டிரம் தலைகீழாகச் சுற்றுகிறது. எஞ்சினைத் திருப்பி வையுங்கள். பெல்ட்டைக் குறுக்காக மாட்டிச் சமாளிக்க வேண்டாம். வி-பெல்ட் உரசியே கிழிந்துவிடும்.

டிராக்டரின் பி.டி.ஓ, பின்னால் நின்று பார்த்தால் வலஞ்சுழி. அப்படியென்றால் சிப்பரின் உள்ளீட்டு ஷாஃப்டை நேரே பார்த்தால் இடஞ்சுழி. சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பெரும்பாலும் ஷாஃப்ட் பக்கம் பார்த்தால் இடஞ்சுழிதான். ஆகவே இரண்டு ஷாஃப்டும் ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீங்கள் எதிரெதிராக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல்.

சோதிக்க: ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, புல்லியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். கத்தியின் கூர்முனை முன்னால் வருகிறதா, முதுகு வருகிறதா என்று பாருங்கள். கை உள்ளே போகக் கூடாது.

அடுத்தது வேகம். உங்கள் சிப்பர் நிமிடத்துக்கு 540 சுற்றுக்கானது, எஞ்சின் 3600 சுற்று. கிட்டத்தட்ட 6.7 மடங்கு குறைக்க வேண்டும். 3 அங்குல புல்லிக்கு 20 அங்குலம்! இரண்டு கட்டமாகக் குறைப்பதே நல்லது. இடையில் வரும் ஒவ்வொரு ஷாஃப்டையும் இரண்டு பேரிங்கில் நிறுத்தி, கடைசி ஷாஃப்டிலிருந்து பழைய கார்டன் ஷாஃப்ட் (டிராக்டரையும் சிப்பரையும் இணைத்த மூட்டுள்ள தண்டு) வழியாகச் சிப்பருக்குக் கொடுங்கள். சிப்பரின் உள்ளீட்டு (கியர்பாக்ஸ்) ஷாஃப்டில் நேராகப் புல்லி மாட்டினால் பக்கவாட்டு இழுப்பில் சீல் ஒழுகும், பிறகு பேரிங் போகும்.

ஒன்று மட்டும்: 35 குதிரைத்திறன் டிராக்டர் மென்ற கிளையை 13 குதிரைத்திறன் எஞ்சின் மெல்லாது. எல்லாம் சரிசெய்த பிறகும் தடித்த கிளையில் திணறினால் அது கோளாறு அல்ல.