பாயிண்டில் திருச்சி போக முடியுமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், கார்டில் செலவு செய்தால் வங்கி தருகிற கிரெடிட் கார்டு பாயிண்ட் பற்றித்தான். காரணம் எனக்குத் தெரியும். ஈப்போ பேரங்காடியில் மேசை போட்டு, பக்கத்தில் ஒரு பயணப்பெட்டியை இலவசமாகத் தருவதாக நிறுத்தி வைத்துக்கொண்டு கார்டு விற்கும் பிள்ளைகள் இப்போது எங்கள் சுங்கை சிப்புட் வரைக்கும் எட்டிப் பார்க்கிறார்கள். இருபது வருடம் வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவன் என்பதால் எல்லாரும் என்னிடமே கேட்கிறீர்கள். சரி, பார்ப்போம்.

கேள்வி: ஐயா, நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மாதம் இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) போல கார்டில் செலவு செய்து, தவறாமல் முழுத்தொகையும் கட்டிவிடுகிறேன். மூன்று வருடத்தில் 58,000 பாயிண்ட் சேர்ந்திருக்கிறது. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களைப் படிக்க வைத்தவர். தாத்தா பிறந்த ஊர் முசிறிப் பக்கம், ஒரு தடவையாவது அம்மாவுக்குக் காட்ட வேண்டும். இந்தப் பாயிண்டில் இரண்டு டிக்கெட் எடுக்கலாமா? கார்டு விற்றவர் 'ஃபிளைட் ஃப்ரீ' என்று சொன்னார்.
(ஆசிரியை, சுங்கை சிப்புட்)

பதில்: டீச்சர், முழுத்தொகையும் கட்டிவிடுகிறேன் என்ற அந்த ஒரு வரிக்காகவே உங்கள் கடிதத்தை முதலில் எடுத்தேன். ஆனால் 'ஃப்ரீ' என்ற சொல்லை இப்போதே அழித்துவிடுங்கள். பாயிண்டில் டிக்கெட் எடுத்தாலும் விமான நிலையக் கட்டணம், வரி, சில நிறுவனங்களில் எரிபொருள் கட்டணம் எல்லாம் நம் கையிலிருந்துதான் போகும். ஆசியானுக்கு வெளியே எகானமியில் பறக்கிற ஒவ்வொருவருக்கும் 2019 செப்டம்பரிலிருந்து புறப்பாட்டு வரி 20 வெள்ளி இருக்கிறது, அது சின்னது, மற்றதையெல்லாம் கூட்டினால் போய்வர ஆளுக்குச் சில நூறு வெள்ளி வரை வரலாம்.

அடுத்தது, உங்கள் 58,000 வங்கியின் பாயிண்ட். விமானத்தில் செல்லுபடியாகிற பாயிண்ட் வேறு. மலேசியா ஏர்லைன்ஸுக்கு என்ரிச், சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு கிரிஸ்ஃபிளையர், ஏர்ஏசியாவுக்கு அதன் சொந்தப் பாயிண்ட் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. வங்கிப் பாயிண்டை அங்கே மாற்றினால்தான் டிக்கெட். என்ன விகிதத்தில் மாற்றுவார்கள் என்பது வங்கிக்கு வங்கி, கார்டுக்குக் கார்டு வேறுபடும், அதையும் அவர்கள் நினைத்தால் மாற்றுவார்கள். உதாரணத்துக்குப் பத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 58,000 சுருங்கி 5,800 ஆகிவிட்டது. அதை வைத்து ஓர் ஆள் ஒரு வழி சென்னைக்குப் போவதே சந்தேகம்தான்.

இது வெள்ளியில் எவ்வளவு என்று எப்படிப் பார்ப்பது? டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்கினால் 850 வெள்ளி, அதே இருக்கை பாயிண்டில் 10,000 பாயிண்டும் கையிலிருந்து 350 வெள்ளியும் என்று வையுங்கள் (கணக்குக்காகச் சொல்கிறேன், விலை நாளுக்கு நாள் மாறும்). அப்போது அந்தப் பத்தாயிரம் பாயிண்ட் மிச்சப்படுத்தியது 500 வெள்ளி, ஒன்றுக்கு ஐந்து சென். உங்கள் 5,800 இந்தக் கணக்கில் 290 வெள்ளி பெறும். வெள்ளிக்கு ஒரு பாயிண்ட் என்று வைத்தால், மூன்று வருடத்தில் பாயிண்ட் கிடைத்த செலவு மட்டும் 58,000 வெள்ளி, அதற்கு 290. வங்கிப் பாயிண்ட் ஒன்று அரை சென், அதாவது அரைக்காசு! ஒரு சதவீதம் காசாகத் திருப்பித் தருகிற கேஷ்பேக் கார்டு வைத்திருந்தால் 580 கிடைத்திருக்கும், அதுவும் காலாவதி ஆகாத வெறும் காசாக. (கேஷ்பேக்குக்கும் மாதம் இவ்வளவுதான் என்று உச்சவரம்பு இருக்கும், கையெழுத்துப் போடும் முன் அதைப் பாருங்கள்.)

அப்படியானால் பயணப் பாயிண்ட் சுத்த ஏமாற்றா என்றால், இல்லை. உணவகம், வெளிநாட்டுச் செலவு, ஆன்லைன் என்று குறிப்பிட்ட இடங்களில் ஐந்து மடங்கு கொடுக்கிற கார்டுகள் இருக்கின்றன. அடிக்கடி வெளிநாடு போகிற, மாதம் ஏழெட்டாயிரம் கார்டில் ஓட்டுகிற குடும்பத்துக்கு அது நன்றாகவே வேலை செய்யும், பிசினஸ் கிளாஸ் இருக்கைக்கு மாற்றினால் பாயிண்டின் மதிப்பு இன்னும் கூடும். நம் ஊர்ச் செலவு எப்படி? பெட்ரோல், தண்ணீர் பில், மின்சாரம், இன்சூரன்ஸ், ரோட் டாக்ஸ், இ-வாலட்டில் ஏற்றுவது. பல கார்டுகளில் இவற்றுக்குப் பாயிண்டே கிடையாது, கிடைத்தாலும் குறைவு. பாயிண்டுக்கான காசு கடைக்காரர் வங்கிக்குக் கட்டும் கமிஷனிலிருந்து வருகிறது, கமிஷன் மெலிந்த இடத்தில் பாயிண்டும் மெலியும், அவ்வளவுதான் சூட்சுமம்.

நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், நீங்களாவது தப்பித்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை சேர்ந்திருந்த பாயிண்டை எல்லாம் மொத்தமாக ஒரு விமான நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிவிட்டு, அப்புறம்தான் டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு இருக்கை தேடினேன். ஒன்றுகூட இல்லை. வங்கிக்கே திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் அதற்கு வழியே கிடையாது, அது ஒருவழிப் பாதை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டு, மூன்று வருடத்தில் காலாவதியாகிப் போனது. வீட்டுக்காரி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். ஆகவே முதலில் இருக்கை, பிறகு மாற்றம். மாற்றிய பாயிண்ட் போய்ச் சேரச் சில நாள் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். உங்களுக்கோ பள்ளி விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடையாது, ஊரே கிளம்பும் அந்த நாள்களில் பாயிண்ட் இருக்கை அரிது. பல நிறுவனங்கள் கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு முன்பே திறந்துவிடும், அப்போதே பார்த்தால்தான் உண்டு.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். முசிறிக்குப் பக்கத்து விமான நிலையம் திருச்சி, கோலாலம்பூரிலிருந்து ஏர்ஏசியா நேராகவே போகிறது. மலிவு விலை வரும்போது டிக்கெட்டைக் காசு கொடுத்து எடுத்துவிட்டு, உங்கள் வங்கி அந்தப் பக்கம் மாற்ற விட்டால் பாயிண்டை விலைக் கழிவுக்கு மட்டும் பயன்படுத்துவேன். சென்னையில் இறங்கி அங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலோ பஸ்ஸிலோ அம்மாவை உட்கார வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பெயர். நம் பாஸ்போர்ட்டில் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்று ஒரு சாய்கோடு வரும், விமான நிறுவனத் தளங்கள் அந்தக் கோட்டை ஏற்காது. உறுப்பினர் கணக்கில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இன்னொரு மாதிரி, அப்பா பெயர் ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால் என்று இருந்தால் பாயிண்ட் சேராது, கவுண்டரில் தலைவலி வேறு. கணக்குத் திறக்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். அம்மாவுக்கு உங்கள் பாயிண்டில் எடுப்பதானால் அவர் பெயரை முன்கூட்டியே பதிய வேண்டியிருக்கலாம். கிரிஸ்ஃபிளையரில் அப்படி ஐந்து பேர் வரை சேர்க்க முடியும்.

கேள்வி: அண்ணே, செம்பனை ஆலையில் வேலை, ஓவர்டைம் சேர்த்து 2,300 வெள்ளி. கூட்டாளிகள் எல்லாரும் கார்டு எடுத்து பாயிண்ட் சேர்க்கிறார்கள், பாலி போகிறார்கள். எனக்கும் கொடுப்பார்களா? எடுக்கலாமா?
(24 வயது வாசகர், பீடோர்)

பதில்: கொடுப்பார்கள் தம்பி. வருடத்துக்கு 24,000 வெள்ளி வருமானம் இருந்தால் போதும் என்பதுதான் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதி, உங்களுக்கு 27,600 வருகிறது. ஓவர்டைமை எவ்வளவு சேர்த்துக்கொள்வார்கள் என்பது வங்கியைப் பொறுத்தது. வருமானம் 36,000-க்கு மேல் போகாதவர்களுக்கு இரண்டு வங்கிகளின் கார்டுதான், ஒவ்வொன்றிலும் வரம்பு இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது. அந்த விதியைப் போட்டவர்களுக்கு நம்மைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது என்று நினைப்பேன்.

எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. உங்கள் தாத்தா காலத்தில் தோட்டத்துக் கடையில் கடன் எழுதுகிற 555 நோட்டு இருந்தது, உங்களுக்குத் தெரியுமா? அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் எழுதி, சம்பள நாளில் கிராணியிடம் (தோட்டத்துக் குமாஸ்தா) வாங்கிய காசு கடை வாசலிலேயே தீர்ந்துவிடும். கார்டும் அதே நோட்டுத்தான், ஒரே வித்தியாசம், கடைக்காரர் முகம் தெரியாதவர், கூச்சப்படாமல் வட்டி போடுவார். வருடத்துக்கு 15 முதல் 18 சதவீதம். பன்னிரண்டு மாதமும் தவறாமல் கட்டுகிறவருக்கு 15, இரண்டு மாதம் வரை தவறினால் 17, அதற்கு மேல் 18. குறைந்தபட்சம் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று ஸ்டேட்மெண்டில் போட்டிருப்பார்களே, அதுதான் தூண்டில். பாக்கி வைத்தால் வட்டியில்லாத நாள்கள் போய்விடும், புதிதாக வாங்குகிற பொருளுக்கும் கணக்கில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

3,000 வெள்ளி செலவு செய்து, மேலே டீச்சருக்குச் சொன்ன கணக்கில் பாயிண்ட் வாங்கினால் அதன் மதிப்பு 15 வெள்ளி. அந்த 3,000-ஐ ஒரே ஒரு மாதம் பாக்கி வைத்தால் 18 சதவீதத்தில் வட்டி 45 வெள்ளி. பாலிக்குப் போனது யார் என்று பாருங்கள், நீங்கள் இல்லை, வங்கி.

அப்புறம் வருடத்துக்குச் சேவை வரி 25 வெள்ளி, ஒவ்வொரு கார்டுக்கும், துணைக் கார்டுக்கும் சேர்த்துத்தான். மாதம் 500 வெள்ளி கார்டில் தேய்த்தால் வருடத்துக்கு 6,000 பாயிண்ட், அதன் மதிப்பு 30 வெள்ளி, வரி போக மிச்சம் ஐந்து வெள்ளி. ஒரு தே தாரிக்கும் இரண்டு ரொட்டி சானாய்க்கும் சரியாக இருக்கும். அவசரத்துக்கு, ஆன்லைனில் வாங்க என்று ஒரு கார்டு இருப்பது தப்பில்லை. ஆண்டுக் கட்டணம் இல்லாததாக ஒன்று எடுத்து, ஆட்டோ டெபிட்டில் முழுத்தொகையும் போகும்படி வைத்துவிடுங்கள். கூட்டாளிகளில் யாராவது ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகச் சொல்லுங்கள், பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

கேள்வி: தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, நகை எல்லாம் 45,000 வெள்ளி ஆகும், காசு தயாராக இருக்கிறது. எல்லாவற்றையும் கார்டில் போட்டு அன்றைக்கே கட்டிவிட்டால் பாயிண்ட் குவியும், தேனிலவுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. செய்யலாமா?
(பெண்ணின் அப்பா, தெலுக் இந்தான்)

பதில்: மாப்பிள்ளை கெட்டிக்காரர். காசு கையில் இருக்கும்போது கார்டில் தேய்ப்பது சரியான வழிதான், ஆனால் கல்யாணச் செலவில் பாதி அதற்கு ஒத்துவராது. நகைக்கடையில் கார்டு என்றால் விலை பேசும் விதமே மாறிவிடும், ஒன்றிரண்டு சதவீதம் கூடச் சொன்னார்கள் என்றால் பாயிண்ட் கணக்கு அங்கேயே முடிந்தது. சமையல்காரர், மேளம், மாலை கட்டுகிறவர், இவர்கள் ரொக்கம்தான் கேட்பார்கள். மண்டபக்காரர் ரொக்கமாகத் தந்தால் 6,000-இல் 300 குறைக்கிறேன் என்பார், கார்டில் கொடுத்தால் உங்களுக்குக் கிடைப்பது 30 வெள்ளி பெறும் பாயிண்ட். ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். துணிக்கடை, ஹோட்டல் அறை, அழைப்பிதழ் அச்சடிப்பு மாதிரி விலை ஒன்றேயாக இருக்கிற இடத்தில் கார்டைப் போடுங்கள். தேனிலவு மாப்பிள்ளை செலவிலேயே இருக்கட்டும், அதுதான் முறையும்கூட.

கேள்வி: 'உங்கள் பாயிண்ட் இன்று நள்ளிரவோடு காலாவதி' என்று எஸ்எம்எஸ் வந்தது. லிங்க்கைத் தொட்டு கார்டு எண்ணைப் போட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.
(இல்லத்தரசி, கோலக்கங்சார்)

பதில்: இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள் அம்மா. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டு முதலில் கார்டை முடக்குங்கள். பணம் போயிருந்தால் 997, தேசிய மோசடித் தடுப்பு மையம், உடனே. அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். பாயிண்ட் காலாவதி ஆகிறதா என்பதை வங்கியின் சொந்தச் செயலியில் நாமே திறந்து பார்க்கலாம், அதற்கு எந்த லிங்க்கும் வேண்டாம்.

கேள்வி: சென்னையில் புடவைக் கடையில் மெஷினைக் காட்டி 'ரிங்கிட்டா, ரூபாயா' என்று கேட்டார்கள். எதைச் சொல்ல வேண்டும்?
(வாசகி, சித்தியவான்)

பதில்: ரூபாய். ரிங்கிட் என்றால் தொகை நமக்குப் புரிகிற மாதிரி இருக்கும், அந்த வசதிக்காக மாற்று விகிதத்தில் நன்றாகக் கூட்டி வைத்திருப்பார்கள். ரூபாயில் போட்டாலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் நம் வங்கியில் ஒன்றிரண்டு சதவீதம் வரும், அதனால் பாயிண்டுக்காக என்றே அங்கே தேய்க்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 68, எங்கேயும் போகிற எண்ணம் இல்லை. பாயிண்டில் ரைஸ் குக்கர் வாங்கலாமா? பேரன் அது நஷ்டம் என்கிறான்.
(ஓய்வுபெற்ற கிராணி, சுங்கை சிப்புட்)

பதில்: பேரன் சொல்வது கணக்குப்படி சரி, அந்தப் பட்டியலில் பொருள்களுக்குப் போடும் பாயிண்ட் கடை விலையோடு பார்த்தால் அதிகமாகவே இருக்கும். பேரங்காடி வவுச்சரோ, அடுத்த பில்லில் கழிவோ கிடைத்தால் அதை முதலில் பாருங்கள், 25 வெள்ளி வரியைப் பாயிண்டிலேயே கட்ட விடுகிற வங்கிகளும் உண்டு. அதெல்லாம் வேண்டாம், குக்கர்தான் வேண்டும் என்றால் வாங்கிவிடுங்கள் ஐயா. எங்கள் வீட்டில் இருப்பதும் பாயிண்டில் வந்ததுதான், நான் விமானத்துக்கு மாற்றிய பாயிண்ட் காணாமல் போன பிறகும் அது சோறு ஆக்கிக்கொண்டுதான் இருக்கிறது.