பார்க்கிங் துண்டைக் கிழித்தெறியாதீர்கள்

கேள்வி: அம்மாவை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். பார்க்கிங் காசு சேர்க்கும் பெடியன் நூறு ரூபாய் கேட்டார். நீட்டிய துண்டில் திகதியும் இல்லை, இலக்கமும் இல்லை. சரியான துண்டு தந்தால் காசு தருகிறேன் என்றேன். "நீ போய்ச் சபையில கேள்" என்று சத்தம் போட்டு ஸ்கூட்டிச் சாவியைக் கழற்றிவிட்டார். அம்மா பயந்துபோனதால் காசைக் கொடுத்துச் சாவியை வாங்கினேன். வீடியோ இருக்கிறது, பேஸ்புக்கில் போடவா? "எங்கட ஊர்ப் பெடியன்தானே, விடு" என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, உவர்மலை

பதில்: விட வேண்டாம், மகள். பேஸ்புக்கிலும் போட வேண்டாம். போட்டால் அந்தப் பெடியனுடைய முகத்தை ஊர் முழுக்கப் பார்க்கும். துண்டு அச்சடித்துக் கொடுத்தவர் யார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். வீடியோவை அழிக்காமல் வைத்திருங்கள், விசாரணைக்குத் தேவைப்படும்.

உள்ளூராட்சிக் கந்தோர்களில் இலிகிதராக இருந்தவன் நான். "உங்கள் ஆட்களுக்கு மரியாதை தெரியாது" என்று பொதுப்பட எழுதி வரும் கடிதத்தை வைத்து எந்த அதிகாரியும் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்க முடியாது. அது கோவைக்குள் போய்ப் படுத்துவிடும். திகதி, நேரம், எந்தக் கடைக்கு முன்னால், எவ்வளவு காசு, அவர் சொன்ன வார்த்தை, கழுத்தில் அடையாள அட்டை இருந்ததா இல்லையா, இவ்வளவையும் எழுதுங்கள். கடைக்காரர் யாராவது பார்த்திருந்தால், அவரைக் கேட்டுக்கொண்டு அவர் பெயரையும் சேருங்கள். துண்டின் போட்டோப் பிரதியை இணையுங்கள். மூலத்தை யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள். உங்கள் முறைப்பாட்டின் உயிரே அந்தத் துண்டுதான். இலக்கமில்லாத துண்டுக்கு வாங்கிய காசு எந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது என்று சபை பதில் சொல்லியாக வேண்டும். மரியாதைக்குறைவை மறுக்கலாம், இதை மறுக்க முடியாது.

கடிதத்தைச் சபையின் நிர்வாகத் தலைவருக்கு, அதாவது செயலாளர் அல்லது ஆணையாளருக்கு எழுதி, உங்கள் வட்டார உறுப்பினருக்கும் பிரதி போடுங்கள். கையில் கொண்டுபோனால் இரண்டு பிரதி கொண்டுபோங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். "வைச்சிட்டுப் போங்கோ, பார்ப்பம்" என்பார்கள். அசையாமல் நில்லுங்கள். உள்வரும் கடிதப் பதிவேட்டில் ஏறாத கடிதம் வந்ததாகவே கணக்கில்லை. அது சரிவராவிட்டால் பதிவுத் தபால். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

அப்புறம், முக்கியமான இரண்டாவது கடிதம். பல ஊர்களில் தரிப்பிடக் கட்டணத்தைச் சபை தானே சேர்ப்பதில்லை, கேள்விப்பத்திரம் கோரிக் குத்தகைக்குக் கொடுத்துவிடுகிறது. குத்தகைக்காரர் சபைக்கு ஒரு தொகை கட்டுவார், அதற்கு மேல் சேர்வது அவருக்கு. அந்த நெருக்குதல் வெயிலில் நிற்கிற பெடியனின் தலையில்தான் இறங்குகிறது. அவர் செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவரை மட்டும் நிறுத்திவிட்டு நாளைக்கு இன்னொரு பெடியனை அதே இலக்கமில்லாத புத்தகத்தோடு அனுப்பினால் உங்கள் அம்மாவுக்கு நடந்தது வேறொரு அம்மாவுக்கு நடக்கும்.

ஆகவே 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: ஸ்கூட்டிக்குக் கட்டணம் எவ்வளவு, எந்தெந்த வீதிகளில் அறவிடலாம், குத்தகை ஒப்பந்தத்தின் பிரதி, துண்டுப் புத்தகங்களுக்குச் சபை இலக்கமிட்டுக் கொடுக்கிறதா. ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அடுத்ததாகக் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். முதல் கடிதத்தைவிட இதற்குத்தான் கந்தோரில் நாற்காலிகள் அசையும்.

சபை வாய் திறக்கவில்லையென்றால் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கு எழுதுங்கள். மாகாணத் தலைநகரம் திருகோணமலை என்பதால் அந்தக் கந்தோர் நம் ஊரிலேயே இருக்கிறது. மட்டக்களப்புக்காரர், அம்பாறைக்காரர் எல்லாம் பஸ் ஏறி வர வேண்டும்.

சாவியைக் கழற்றியது வேறு விடயம். காசு சேர்க்க வந்தவருக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதைப் பொலிஸில் தனியாகப் பதியுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிச் சபைக் கடிதத்திலும் குறிப்பிடுங்கள். கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், மகள். ஊர்ப் பெடியன் என்றால் ஊர்த் தாய்மாரோடு எப்படிப் பேச வேண்டும் என்பதை அவருக்கு மேலே இருப்பவர்கள்தான் பழக்கியிருக்க வேண்டும்.

கேள்வி: நான் ஆட்டோ ஓடுகிறேன். பார்க்கிங்காரர் லைசன்ஸைக் கேட்டால் கொடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகர், உப்புவெளி

பதில்: வேண்டாம், தம்பி. பொலிஸ் கேட்டால் காட்டத்தான் வேண்டும். அவர்கள் தண்டச் சீட்டு எழுதினால் அது மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வருவது, பார்க்கிங் துண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பார்க்கிங்காரருக்குக் கட்டணத்தைக் கொடுங்கள், இலக்கமுள்ள துண்டை வாங்குங்கள். லைசன்ஸ் சட்டைப் பையிலேயே இருக்கட்டும்.