ரெக்கார்டு கம்பெனி இல்லாமல், யூடியூப் வீடியோவை மட்டும் நம்பி ஒரு கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடகர் முன்னுக்கு வர முடியுமா?

முடியும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தைச் சேர்ந்த ஆலிவர் ஆந்தனியையே எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தன் பாட்டுகளை முதலில் செல்போனில்தான் பதிவு செய்து இணையத்தில் போட்டுவந்தார்.

2023 ஆகஸ்டில், கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைப்பகுதிப் பாடகர்களைப் படம்பிடிக்கும் 'ரேடியோடபிள்யூவி' என்ற யூடியூப் சேனல் அவருடைய 'ரிச் மென் நார்த் ஆஃப் ரிச்மண்ட்' பாட்டை வெளியிட்டது. வீடியோவில் ஒரு ரெசனேட்டர் கிட்டார் (உலோகக் கூம்பால் ஒலியைப் பெருக்கும் கிட்டார்), மரங்கள், காலடியில் நாய்கள், அவ்வளவுதான். குறைந்த கூலிக்கு மாடாய் உழைப்பவனின் ஆற்றாமையை அவர் அடித்தொண்டையிலிருந்து பாடுகிறார். எனக்கு அந்தக் குரல்தான் எல்லாம்.

அந்த மாதமே, அமெரிக்காவின் முக்கியப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம். அதற்கு முன் எந்தப் பில்போர்டு பட்டியலிலும் இடம்பெறாத ஒருவர் நேரடியாக முதலிடத்தில் நுழைந்தது அதுவே முதல்முறை. வலதுசாரி அரசியல் விமர்சகர்கள் பாட்டைப் பரப்பியது உதவியது, உண்மைதான். ஆனால் பலர் காசு கொடுத்து டவுன்லோடு செய்ததைக் கவனிக்க வேண்டும். இலவசமாகக் கேட்பதைவிட அதற்குப் பட்டியல் கணக்கில் மதிப்பு பல மடங்கு அதிகம்.

சரி, அப்புறம்? 80 லட்சம் டாலர் வரை வந்த ஒப்பந்தங்களை மறுத்துவிட்டதாக அவரே எழுதினார். 2024-இல் முதல் ஆல்பத்தையும் சுயாதீனமாகவே வெளியிட்டார்.