சர்வர் எழவில்லையா? முதலில் பில்லை எடுங்கள்

வீட்டில் உட்கார்ந்தபடி அலுவலகக் கணினியைத் திறக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் சர்வர் தொடங்க மறுக்கிறது என்று இந்த மாதம் கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஜவுளிக் கடைக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று புதுக் கணினி வாங்கினேன். ரிமோட் டெஸ்க்டாப்பை இயக்கப் போனால், இந்தப் பதிப்பில் அந்த வசதி இல்லை என்கிறது. இணையத்திலிருந்து ஒரு சிறு மென்பொருளை இறக்கிச் சரிசெய்து தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். (ஈரோடு)

பதில்: கணினியில் பழுது இல்லை. உங்களிடம் இருப்பது விண்டோஸ் ஹோம். அதிலிருந்து இன்னொரு கணினிக்குள் போகலாம். அதற்குள் யாரும் வர முடியாது. வருவதற்கான கதவு ப்ரோ போன்ற மேல்பதிப்புகளில்தான் உண்டு. என்ன வேலைக்கு வாங்குகிறீர்கள் என்று கடையில் சொன்னீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விலையை மட்டும் விசாரித்திருப்பீர்கள். பணம் கட்டி ப்ரோவுக்கு மாறுங்கள், கோப்புகள் அழியாது. அந்தச் சிறு மென்பொருள் வேண்டாம். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் ஏதோ ஒரு காலையில் அது படுத்துவிடும். அன்றுதான் ஜி.எஸ்.டி. கணக்குக்குக் கடைசி நாளாக இருக்கும்.

கேள்வி: பில் வேண்டாம் என்றதால் 3,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தார்கள். சர்வர் ஒரு வாரத்தில் நின்றுவிட்டது. வழக்குப் போடலாமா? (சேலம்)

பதில்: போடலாம். ஆதாரமாக எதைக் காட்டுவீர்கள், அந்த 3,000 ரூபாயையா?

கேள்வி: சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் சர்வரில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. வெளியிலிருந்து இணைந்தால் தேதி பொருந்தவில்லை என்று மறுக்கிறது. மதர்போர்டு போய்விட்டது, 11,000 ரூபாய் ஆகும் என்கிறார் மெக்கானிக். (தஞ்சாவூர்)

பதில்: நல்ல வேளை, பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதினீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மதர்போர்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் போல வெள்ளி நிறத்தில் ஒரு பேட்டரி இருக்கும். மேலே சிஆர்2032 என்று பொறித்திருக்கும். பக்கத்துக் கொக்கியை நகத்தால் தள்ளினால் துள்ளி வரும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் கடையில் நூறு ரூபாய்க்குள் புதிது கிடைக்கும். மின்சாரம் இல்லாதபோது தேதியைக் காப்பாற்றுவது அதுதான். தேதி தப்பினால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு முறிந்துபோகும். பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்துங்கள். அதற்குப் பிறகும் மறுத்தால்தான் மதர்போர்டைப் பற்றிப் பேச்சு.

இதே வியாதிக்காக நான் ஒரு நல்ல கணினியை 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். வாங்கியவர் என் கண் முன்னாலேயே பேட்டரியை மாற்றி, சிரிக்காமல் எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பதிலாக நான் வாங்கிய பழைய ரேக் சர்வரின் விசிறி மாவு மில் போலச் சத்தம் போட்டது. இப்போது மொட்டைமாடி அறையில் துணி மூடிக் கிடக்கிறது.

கேள்வி: தனியாக ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். உதவியாளர்கள் ஐந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்ய, 'எல்லாம் சேர்த்து' 1,40,000 ரூபாய் என்று விண்டோஸ் சர்வர் வாங்கினேன். நான்கு மாதம் நன்றாக ஓடியது. இப்போது உரிமம் வழங்கும் சர்வர் இல்லை என்று சொல்லி யாரையும் உள்ளே விடவில்லை. விற்றவர் வைரஸ் என்கிறார். ஃபார்மெட் செய்ய 6,000 கேட்கிறார். (மதுரை)

பதில்: நான்கு மாதம் என்றதுமே விளங்கிவிட்டது. சரியாக 120 நாள். பலர் ஒரே நேரத்தில் நுழையும் வசதியைச் சர்வரில் நிறுவினால் மைக்ரோசாஃப்ட் தரும் சலுகைக் காலம் அது. அதற்குள் ஒவ்வொரு ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வாங்கிப் பதிந்துவிட வேண்டும். சர்வருக்கான உரிமம் வேறு, இது வேறு. வைரஸும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. ஃபார்மெட் செய்தால் இன்னொரு 120 நாள் ஓடும். அடுத்த 6,000 எப்போது என்று அவர் காலண்டரில் வட்டமே போட்டிருப்பார்.

'எல்லாம் சேர்த்து' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கல்யாணச் சமையல்காரர்கூட எத்தனை இலை, எத்தனை வகை என்று எழுதித் தருகிறார். லட்சக்கணக்கில் வாங்கும் கணினி வியாபாரியின் பில்லிலோ 'சர்வர் - 1' என்று ஒரே வரி! எந்தப் பதிப்பு, எத்தனை பேருக்கு உரிமம், யார் பெயரில் என்று தனித்தனி வரியாக எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் 700 ரூபாய்க்கு இணையத்தில் ஒரு விண்டோஸ் உரிமச் சாவி வாங்கினேன். இரண்டே மாதத்தில் செல்லாது என்று வந்தது. விற்றவரின் பக்கமே காணாமல் போயிருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: நிர்வாகிக்கென்று இரண்டு இணைப்புகள் இந்த உரிமம் இல்லாமலே கிடைக்கும். அதன் வழியாக நுழைந்து தரவை நகலெடுங்கள். உரிமம் தரும்படி விற்றவருக்கு ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோரே இல்லை என்று எதிர்த்தரப்பு முதலில் கிளப்பும். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டுமே வாங்கியவருக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ஐந்து உதவியாளர்கள் என்பதைப் பிடித்துக்கொள்வார்கள். வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போங்கள்.

கேள்வி: விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில், ரிமோட் டெஸ்க்டாப் சர்வரான எக்ஸ்ஆர்டிபி தொடங்கவே இல்லை. முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று, பிழைகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பில் (லாக்) வருகிறது. மூன்று முறை அழித்து நிறுவிவிட்டேன். (நாகர்கோவில் ஆசிரியை)

பதில்: பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்த ஒரே வாசகர் நீங்கள். உபுண்டு 22.04 முதல் அதன் சொந்தத் திரைப் பகிர்வும் அதே 3389ஆம் போர்ட்டில்தான் உட்காருகிறது. ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகள் வந்து சேரும் கதவு எண் அது. அமைப்புகளில் அதை அணைத்துவிட்டு எக்ஸ்ஆர்டிபியைத் தொடங்குங்கள். இரண்டும் வேண்டுமென்றால் எக்ஸ்ஆர்டிபியின் அமைப்புக் கோப்பில் 3390 என்று மாற்றுங்கள். இணையும்போது முகவரியோடு அந்த எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும்.

கேள்வி: ரூட்டரில் 3389ஐ வெளியே திறந்து வைத்திருக்கிறேன். கடவுச்சொல் 1234. சில நாட்களாகச் சர்வர் திணறுகிறது. பெரிய சர்வராக வாங்கலாமா? (கோவை)

பதில்: இந்த வரியைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் அதை மூடுங்கள். அந்தக் கதவை இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம், 1234ஐ ஊகிக்கவும் செய்யலாம்.