அணியை விடும் முன் அட்டவணையை மாற்றிப் பாருங்கள்

காலை 5.30-க்கும் மாலை 4.30-க்கும் நீச்சல் பயிற்சி, இரவு 10 மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது, இரண்டு தாளில் அரியர், அணியை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே விட்டுவிடாதீர்கள்.

நான் கல்லூரியில் 800 மீட்டர் ஓடியவன். முதல் வருடம் முழுக்க இரவு 1 மணி வரை விழித்துப் படித்தேன். வேகமும் கூடவில்லை, மதிப்பெண்ணும் ஏறவில்லை. படித்தது மனதில் பதிவதற்கும் களைத்த தசை தேறுவதற்கும் தூக்கம் வேண்டும். பொதுவாகவே 7 முதல் 9 மணி நேரம் தூங்கச் சொல்கிறார்கள். இருவேளை நீந்தும் உங்களுக்கு 9-ஐ ஒட்டித் தேவைப்படலாம். அதனால் 9 மணிக்கே படுத்துவிடுங்கள்.

சரி, எப்போது படிப்பது? வகுப்புகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில். கடினமான தாளை அங்கே வையுங்கள். 30 நிமிடம் படித்து, புத்தகத்தை மூடி, நினைவிலிருந்து எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாக நிற்கும். மாலைப் பயிற்சிக்குப் பின் ரெக்கார்ட் எழுதுவது போன்ற லேசான வேலை போதும்.

அப்புறம், போட்டித் தேதிகளைப் பருவத் தொடக்கத்திலேயே ஆசிரியர்களிடம் எழுத்தில் கொடுங்கள். தேர்வைத் தவறவிட்ட பிறகு போய் நின்றால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது. பயிற்சியாளரிடம் அரியர் விஷயத்தை மறைக்காதீர்கள். தேர்வு முடியும் வரை வாரம் இரண்டு காலைப் பயிற்சிகளிலிருந்து விலக்கு கேளுங்கள். என் பயிற்சியாளர் கேட்டவுடனே கொடுத்தார்; கேட்கத்தான் எனக்கு ஒரு வருடம் ஆனது.